தோல் அழற்சியும் நினைவுச் சூத்திரங்களும்

நோய்க்குறிகளை மறவாதிருத்தற்பொருட்டுச் சூத்திரங்கள் அமைத்துக்கொள்வது மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் செல்சஸ் அழற்சியின் அடையாளங்களாகக் கூறிய நான்கும் இன்றளவும் மாணவர் நாவில் நிற்பதற்கு ஒரு காரணம் ஓசை. லத்தீன் மொழியில் அவை ரூபோர், டூமோர், காலோர், டோலோர். அதாவது செம்மை, வீக்கம், வெம்மை, வலி. இயைபுத் தொடையின் பயனை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை.

ஆயினும், இச்சூத்திரத்தை மாற்றமின்றி நம் நாட்டுக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்வது தகுமா என்பது ஆராயத்தக்கது. முதலிற் கூறப்படும் செம்மையே மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் எளிதில் தென்படாதது. அங்கே அழற்சி கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சில சமயம் சுற்றியுள்ள தோலினும் சற்று அதிகக் கருமையாகவோதான் காணப்படும். சிவப்பை மட்டும் தேடும் ஊழியர் அழற்சி இல்லையென்று பதிவேட்டில் எழுதிவிடக்கூடும். புறங்கையை வைத்து அறியும் வெம்மைக்கோ நிறபேதம் இல்லை. மேலும், தோல் நோய்கள் பலவற்றில் வலியினும் அரிப்பே மிகுதி; அதற்குச் செல்சஸின் நான்கினுள் இடமில்லை.

மற்றோர் உதாரணம் லைக்கன் பிளேனஸ். 1869-ல் எராஸ்மஸ் வில்சன் பெயரிட்ட இந்நோய்க்கு, ஆங்கிலத்தில் ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்கும் ஆறு சொற்களைக் கற்பிக்கின்றனர். ஊதா நிறம், பல்கோண வடிவம், தட்டையான மேற்பரப்பு, அரிப்பு, சிறு பரு, பரந்த திட்டு என்பன அவற்றின் பொருள். தமிழாக்கியவுடன் எழுத்தொற்றுமை மறைந்துவிடுகிறது. அது பெரிய இழப்பன்று. ஊதா என்பதை அப்படியே பெயர்த்து வைப்பதுதான் இடர். கரிய தோலில் இப்பருக்கள் பெரும்பாலும் கரும்பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோ தோன்றும். ஆறிய பின்னரும் கருந்திட்டு பல மாதங்கள் நீடிக்கும். கன்னத்தின் உட்புறத்தில் வலைபோற் படரும் வெண்கோடுகள் நோயைத் துணிவதற்குப் பேருதவி புரிவன. அவை அந்த ஆறு சொற்களுள் அகப்படவில்லை. எழுத்துக்கு இணங்கக் குறிகளைத் தேர்ந்தால் இவ்வாறுதான் நேரும்.

இவற்றைக் காட்டிலும் கவலை தருவது பள்ளிச் சிறுவரிடம் காணும் வெளிறிய திட்டு. கன்னங்களில் தவிடுபோன்ற செதிலுடன் தோன்றுவது பெரும்பாலும் மென்மையான தோலழற்சியே, தானே மறைந்துவிடும். வயிற்றுப் பூச்சியால் வந்ததென்று பெற்றோர் கூறுவர். ‘வெளிறிய திட்டு என்றால் பூச்சி’ என்பதும் ஒரு நினைவுச் சூத்திரமே. ஆனால் அது மேலும் வினவவொட்டாது வாயை அடைத்துவிடுகிறது. தொழுநோயும் வெளிறிய திட்டாகவே தொடங்கலாம். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் அந்நோய் குணமாகும். எனினும் ஆண்டுதோறும் இந்தியாவில் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். அவர்களுள் சிறுவரும் உளர். தாமதித்தால் நரம்புக்கு நேரும் சேதம் மீளாது போகலாம்.

ஆகவே, நோயின் பெயரை நினைவூட்டும் சூத்திரத்தினும், செய்யவேண்டிய செயலை நினைவூட்டும் சூத்திரமே களப் பணியாளருக்கு ஏற்றது. உற்றுப்பார், தொட்டுப்பார், கேட்டுப்பார் என மூன்று சொற்கள் போதும். திட்டின் விளிம்பையும் செதிலையும் வாயின் உட்புறத்தையும் உற்றுப் பார்க்கவேண்டும். வெம்மையையும் தடிப்பையும் தொட்டறிந்தபின், சிறுவனைக் கண்மூடச் செய்து, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லவேண்டும். உணர்ச்சி குன்றியிருந்தாலும், ஐயம் எஞ்சியிருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதே முறை.

கேட்பதில் இரவில் அரிப்பு மிகுகிறதா, வீட்டில் வேறெவருக்கும் உண்டா என்பவற்றோடு, என்ன களிம்பு பூசினர் என்பதும் அடங்கும். படர்தாமரையில் ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் அரிப்பும் அழற்சியும் தணியும். பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். வட்ட விளிம்பு கலைந்து, நோய் எச்சூத்திரத்துக்கும் அகப்படாத உருவம் எய்தும். களிம்பின் பெயரைப் பலர் சொல்ல அறியார். குழாயையே வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்வது நலம்.