பொட்டி தட்டின கதை – 9: ஒரு வார்த்தை விட்டுப் போச்சு

மக்களே, 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூணுன்னு ஒண்ணாப்பு படிக்கிற வாண்டுகூட சொல்லிடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கேட்டா அஞ்சுங்குது! யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாமே தனித்தனி ஆளாச்சே.

என் ஆராய்ச்சிக்கு நிஜமான எழுத்துக் கணக்கு வேணும். நாமே ஒரு ஃபங்ஷன் எழுதிடுவோம்னு 'சி'யில் இறங்கினேன். 1986-ல் பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் குழு இதை ஆரம்பிச்சப்பவே, நம்மளை மாதிரி ஆளுங்க சொந்த டைப்பும் ஃபங்ஷனும் சேர்க்க இடம் விடணும்கிறது ஒரு முக்கிய நோக்கம்.

வேலை என்னவோ எளிசுதான். டெக்ஸ்டை வாங்கு, துணைக்குறியையும் புள்ளியையும் தள்ளிட்டு மிச்சத்தை எண்ணு. ஒரு பொறி உண்டு: அந்த டெக்ஸ்ட் சாதாரண சி ஸ்ட்ரிங் இல்லை. கடைசியில் பூஜ்ஜியம் இருக்காது, நீளம் முன்னாடியே எழுதியிருக்கும். 'ஸ்ட்ர்லென்' போட்டா அடுத்தவன் வயல்ல மேய்ஞ்சிடும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துதான் செஞ்சேன். 'தமிழ்' – 3. ஆஹா!

டீ குடிச்சிட்டு வந்து முழு டேபிள் மேலயும் ஓட்டினேன். செக்மென்டேஷன் ஃபால்ட். ஒரு வரிசையில் சொல்லே இல்லை, 'நல்'. ஃபங்ஷனைப் பதிவு பண்றப்ப 'ஸ்ட்ரிக்ட்'னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, நல் வந்தா என் கோடைக் கூப்பிடாமலே நல்லைத் திருப்பித் தந்திருக்கும். நான் போடலை.

போனது என் கனெக்ஷன் மட்டும்னா பரவாயில்லை. சி ஃபங்ஷன் சர்வர் பிராசஸுக்குள்ளேயே ஓடுது, நடுவில் சுவர் கிடையாது. ஒண்ணு இப்படிச் செத்தா, பொதுவான மெமரி கெட்டிருக்குமோன்னு பயந்து போஸ்ட்கிரெஸ் எல்லாரையும் வெளியே தள்ளிட்டுத்தான் மறுபடி எழும்பும். கமிட் ஆனது பத்திரம். பக்கத்து மேசை வியட்நாம் தோழி காலையிலிருந்து ஒரே டிரான்சாக்ஷனா ஏத்திக்கிட்டிருந்த டேட்டா கமிட் ஆகலை. மொத்தமும் போச்சு.

அவ திட்டலை. "திரும்ப ஓட்டிக்கிறேன்"னா. திட்டியிருந்தா தேவலை :-(

ராத்திரி யோசிச்சா இன்னொரு உண்மை உறைச்சுது. குறிகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் நீக்கிட்டு நீளம் பார்த்தா ஒரே வரி எஸ்க்யூஎல்! வேகம் பத்தலைன்னு அளந்து பார்த்த பிறகுதான் சிக்குப் போகணும். அப்பவும் முதல்ல சொந்த லேப்டாப்பில், நல்லும் காலி ஸ்ட்ரிங்கும் கொடுத்துப் பார்த்துட்டு.

நாளைக்குத் தோழிக்கு நம்ம கை சாம்பார். இதுவும் ஒரு தண்டனைன்னு ரூம்மேட் சொல்றான் :-)