அபூர்வ நோய் என்றொரு சாக்கு

குழந்தையின் தலையில் பொடுகு மாதிரி செதில். எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். காதில் சீழ், சொட்டு மருந்து. மண்டையில் மெத்தென்று ஒரு வீக்கம், எங்கேயோ விழுந்திருக்கும் என்கிறார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழித்தால் சர்க்கரை பார்க்கிறார்கள்; இல்லை என்றதும் அதோடு சரி. நாலு டாக்டர், நாலு சீட்டு. நாலும் ஒரே நோயாக இருக்கலாம் என்பது பல நேரம் யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த நோய்க்கு லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்று பெயர்.

(1868-இல் அந்த செல்லைத் தோலில் கண்ட பவுல் லாங்கர்ஹான்ஸ் அப்போது ஒரு மாணவர்தான். அதை நரம்பு செல் என்று நினைத்துக்கொண்டார், பாவம்!) மூன்று பெயர்களில் திரிந்த இந்த நோயை 1953-இல் லிக்டென்ஸ்டைன் ஒன்றாகச் சேர்த்து 'ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்' என்றார். காரணம் தெரியாததால் எக்ஸ். 2010-இல் பாதிப் பேருக்கு மேல் பி-ராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்த பிறகு, இது வெறும் அழற்சியா கட்டியா என்ற சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. கட்டிதான்.

"அதெல்லாம் அபூர்வம் சார், பெரம்பலூரில் எங்கே வரப்போகுது?" இதுதான் வழக்கமான பதில். சரி, கணக்குப் போடுவோம். பெரம்பலூரும் அரியலூரும் சேர்த்து 2011 கணக்கெடுப்பில் சுமார் 13 லட்சம் பேர். அதில் 15 வயதுக்குக் கீழே 3 லட்சம் என்று வையுங்கள். உலக அளவில் பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நாலைந்து பேர். அப்படியென்றால் இந்த இரண்டு மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகள். அவர்கள் எங்கே போகிறார்கள்?

சாத்தனூரில் 12 கோடி வருஷத்துக் கல்மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறோம். நல்ல காரியம். மண்டையோட்டு எக்ஸ்ரேயில் தெரிகிற ஓட்டையிலிருந்து துளி சதையும் எடுத்துப் பாருங்கள் என்றால் மட்டும் வசதி இல்லை என்கிறார்கள். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூருக்கு 2025 வரை அதுவும் இல்லை.

ஆனால் இதற்குக் கல்லூரி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகுக் கட்டியாக்கி, ஒரு உறையில் திருச்சிக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பலாம், வருஷக்கணக்கில் கெடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைய வேண்டாம். காபிக்கொட்டை போல நடுவில் கோடு விழுந்த உட்கருக்கள், சுற்றிலும் இயோசினோஃபில்கள் என்று சாதாரணச் சாயத்திலேயே சந்தேகம் வந்துவிடும். சிடி1ஏ, லாங்கரின் சாயங்கள் உறுதி செய்யும்.

ஒரே எலும்பில் இருந்தால் சுரண்டி எடுப்பதே பல நேரம் போதும். பரவியிருந்தால் வின்பிளாஸ்டின், பிரெட்னிசலோன். இரண்டுமே பழைய மருந்துகள். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைக்குப் போய்விட்டால்தான் உயிருக்கு ஆபத்து.

அதுவரை நடப்பது என்ன? கழுத்தில் நெறி கட்டினால் டிபி என்று ஊகித்து ஆறு மாத மாத்திரை (ரோசாய்-டார்ஃப்மன் நோயும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது). இல்லையென்றால் பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு. வீக்கம் கொஞ்ச நாள் வற்றும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் எடுக்கிற திசுவில் ஒன்றும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். மறுபடி முதல் சீட்டிலிருந்து.