கார் ஷெட்டுக்குள் ஒரு பட்டறை

முன்பெல்லாம் மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டால் தச்சரைக் கூப்பிடுவோம். ஜன்னல் கம்பியை வெட்ட வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறைக்கு ஆள் அனுப்புவோம். இப்போது டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், மரம் அறுக்கும் மின் ரம்பம் எல்லாமே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோ, மாமனாரோ, காலேஜ் படிக்கும் மகனோ கார் ஷெட்டில் இறங்கி, செருப்பு ஸ்டாண்டு செய்கிறேன், கேட்டுக்குத் தாழ்ப்பாள் மாற்றுகிறேன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சில வீடுகளில் நாமே இறங்குகிறோம். கைவேலை தெரிந்துகொள்வது நல்ல விஷயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மெஷின்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது, பட்டறையின் ஒழுங்கு கூடவே வரவில்லை. நல்ல பட்டறையில் வெட்டுகிற இடத்தைச் சுற்றித் தரை காலியாக இருக்கும். பொருளை இறுக்கிப் பிடிக்க மேஜையில் வைஸ் இருக்கும். பெயின்ட், தின்னர் எல்லாம் வேறு அறையில் இருக்கும். குழந்தைகள் உள்ளே வர மாட்டார்கள். நம் கார் ஷெட்டிலோ ஒரு பக்கம் பெட்ரோலோடு ஸ்கூட்டர், இன்னொரு பக்கம் பழைய பேப்பர் கட்டு, ஷெல்ஃபில் பொங்கலுக்கு அடித்த பெயின்ட்டின் மிச்சமும் அரை பாட்டில் தின்னரும். நடுவில் லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஒருவர் கட்டிங் மெஷினைப் பிடித்து நிற்கிறார். 'அப்பா என்ன பண்றார்' என்று இரண்டு வாண்டுகள் பக்கத்திலேயே குந்தியிருக்கின்றன. அந்த மெஷினுக்கு இது பட்டறையா, வீடா என்று தெரியாது. இரண்டு இடத்திலும் அதே வேகத்தில்தான் சுற்றும்.

அந்தத் தகட்டு மூடி எதற்கு?

வீடுகளில் அதிகம் புழங்குவது 4 அங்குல டிஸ்க் போடும் கட்டிங் மெஷின். இது நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பறக்கும். அது முகத்துக்கு வராமல் தடுக்கத்தான் மெஷினில் பாதி வட்டமாக ஒரு தகட்டு மூடி இருக்கிறது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று முதல் நாளே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மூடியைக் கழற்றினால் இன்னொரு ஆசையும் வரும். பெரிய மெஷினின் டிஸ்க்கை இதில் மாட்டலாமே என்று தோன்றும். டிஸ்க்கின் மேல் சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். 4 அங்குல வெட்டு டிஸ்க்கில் பொதுவாக 15,300 என்று இருக்கும். அந்தச் சுற்று வரை அது தாங்கும். 7 அங்குல டிஸ்க்கில் 8,500 சுற்று என்றுதான் போட்டிருக்கும். அதை 11,000 சுற்று சுற்றும் மெஷினில் மாட்டினால், அது உடையாமல் இருப்பது நம் அதிர்ஷ்டம் மட்டுமே.

டிஸ்க்குக்குக் காலாவதி மாதமும் உண்டு. நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். இந்த டிஸ்க்குகள் பிசின் வைத்து இறுக்கியவை. ஈரம் பட்டாலும் நாள்பட்டாலும் அந்தப் பிசின் பலம் இழக்கும். தேதி தாண்டியது, மழையில் நனைந்தது, கீழே விழுந்தது எதுவானாலும் தூக்கிப் போடுங்கள்.

புது டிஸ்க் மாட்டியதும், முகத்துக்கு நேரே பிடிக்காமல், ஆள் இல்லாத பக்கமாக ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மரம் அறுப்பதற்காக இந்த மெஷினில் பல் வைத்த ரம்ப பிளேடை மாட்டவே கூடாது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறி எகிறும். கழுத்தும் தொடையும்தான் அதற்கு நேரே இருக்கும்.

கரன்ட் போய்த் திரும்பி வரும்போது

இது நம் ஊருக்கே உரிய ஆபத்து. பல மெஷின்களில் சுவிட்சை அழுத்தி 'லாக்' செய்துவிடலாம். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. மெஷினை அப்படியே தரையில் வைத்துவிட்டு, காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். கரன்ட் வந்ததும் ஆள் இல்லாமலே மெஷின் சுற்ற ஆரம்பித்துத் தரையில் துள்ளும். பக்கத்தில் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் போனால் முதல் வேலை, சுவிட்சை விடுவித்துப் பிளக்கைப் பிடுங்குவது. டிஸ்க், டிரில் பிட் மாற்றும்போதும் இதே விதிதான்.

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே அது கண் சிமிட்டும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் மேல் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மெயின் விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர் விட்டு டைல்ஸ் வெட்டுகிற வீட்டில் இது இல்லாமல் மெஷினைத் தொடவே கூடாது.

டிவிக்கும் செல்போனுக்கும் வாங்கிய மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மெஷினுக்குத் தாங்காது. தடித்த வயர் வைத்தது வேண்டும். சுருளாக இருக்கும் வயரை முழுவதும் பிரித்துவிட்டு வேலை செய்யுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் வயர் உருகும்.

என்ன உடுத்துவது?

லுங்கி, வேட்டி, துப்பட்டா, முந்தானை எல்லாமே மெஷினுக்குள் இழுபடக்கூடியவை. உடம்போடு ஒட்டிய பேன்ட், ஷூ, கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போதும். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கும் அதன் மேல் இது வேண்டும். ஓரங்கள் திறந்திருப்பதால் பவர் கண்ணாடி துகளைத் தடுக்காது. டைல்ஸ், சிமென்ட் வெட்டினால் முகக்கவசமும் தேவை. கட்டிங் மெஷினுக்குக் கையோடு பொருந்திய தோல் கையுறை நல்லது. ஆனால் டிரில்லிங் மெஷினுக்குக் கையுறையே வேண்டாம். நூல் ஒன்று பிட்டில் சிக்கினால் விரலோடு சுருட்டிக்கொள்ளும். சுவரில் துளை போடும்போது, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்த பிறகு வரும் நெருப்பு

இரும்பு வெட்டும்போது பறக்கும் பொறி மத்தாப்பு போல அழகாக இருக்கும். அது பழுக்கக் காய்ந்த இரும்புத் துகள். பல அடி தூரம் போய் விழும். சிமென்ட் தரையில் விழுந்தால் அணைந்துவிடும். மரத்தூள், பழைய துணி, பேப்பர் கட்டு, அட்டைப்பெட்டி இவற்றில் விழுந்தால் புகையே தெரியாமல் உள்ளுக்குள் கனன்று, நாம் குளித்துச் சாப்பிடப் போன பிறகு பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல், தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தள்ளி இருக்கும் பொறியைத் தேடிப் போகும். பொறியே பறக்காத டிரில்லிங் மெஷினிலும் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசி நீல நிறப் பொறி வரும். ஆகவே ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு, பெயின்ட் டப்பாக்களை வெளியேற்றிவிட்டு, ஷட்டரை முழுதாகத் திறந்து வைத்துத்தான் எந்த மெஷினையும் ஓட்ட வேண்டும். வேலைக்கு முன்பே மரத்தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். தொழிற்சாலைகளில் பொறி பறக்கும் வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே நின்று பார்ப்பார். வீட்டிலும் அதைச் செய்யலாம், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடு உண்டாகும். குவியலுக்குள் அந்தச் சூடு சேர்ந்து, நெருப்பே காட்டாமல் துணி பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் அதனுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். சிமென்ட் தரையில் வைத்து, பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இல்லாமல், ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். உப்பிய பேட்டரி, அடிபட்ட பேட்டரி வேண்டவே வேண்டாம்.

ஷெட்டின் உள் மூலையில் இல்லாமல், வெளியேறும் வாசல் பக்கம் ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெட்ரோல் நெருப்பிலோ, கரன்ட் இருக்கும் இடத்திலோ தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு வாளி அளவைத் தாண்டிய நெருப்போடு போராடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

அடிபட்டுவிட்டால்

கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள். துணி முனையால் எடுப்பது, எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது எதுவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மூடி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்புத் துகள் உள்ளேயே இருந்தால் அங்கேயே துருப்பிடிக்கும்.

வெட்டுக் காயத்தில் காபித் தூளும் மஞ்சளும் வைக்காமல், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுகக் கட்டி, அந்த உறையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழைத்து, கை அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தீக்காயத்துக்குப் பேஸ்ட் பூசாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

பிளக் போடுவதற்கு முன்

* தகட்டு மூடி மாட்டியிருக்கிறதா?
* கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, ஷெல்ஃபில் இருக்கிறதா?
* ஸ்கூட்டர், தின்னர், பேப்பர் எல்லாம் வெளியே போய்விட்டனவா?
* பொருளை வைஸோ கிளாம்ப்போ பிடிக்கிறதா, யாருடைய காலாவது பிடிக்கிறதா?
* குழந்தைகள் எங்கே?

மெஷினை ஓட்டுபவர் வேலை மும்முரத்தில் இதை மறந்துவிடலாம். வீட்டில் இன்னொருவர் கேட்கலாம், மாமனாரிடம் கேட்பதிலும் தப்பில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம் அல்லவா? அன்றைக்கு வயரில் எங்காவது பிளவு இருக்கிறதா, டிஸ்க்கின் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பொட்டு வையுங்கள். பரணில் கிடக்கும் தகட்டு மூடியை மாட்டுவதற்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.