பின்பனியில் காத்திருப்போர்

மாசி மாதத்தில் பொழுது புலரும் முன்னர்ப் பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்றால், பல நாட்களில் எதிர்மலை பனியில் மறைந்து கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுடும். விடியலில் குளிரும் நண்பகலில் வெம்மையுமாக அலைக்கழிக்கும் இப்பருவத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் பின்பனி. இரவின் பிற்பகுதியில் பனி மிகுவதால் இப்பெயர் என்பர்.

தமிழாசிரியர்களாகிய நாம் ஆறு பெரும்பொழுதுகளையும் ஓர் அட்டவணையாகவே நடத்தி வருகிறோம். மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். மாணவர்கள் மனப்பாடம் செய்து, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுகின்றனர். பிறகு கவிதை எழுத அமரும்போது 'வசந்தம்' வந்துவிடுகிறது. உறைபனி உருகிப் பூ மலரும் வசந்தம் டொரண்டோவில் வாழும் தமிழருக்கு மெய்யனுபவம். நமக்கு அது இரவல்.

பேச்சிப்பாறையைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்குள் சென்றால் பின்பனி அட்டவணையிலிருந்து இறங்கி நிற்பதைக் காணலாம். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்த்து மொட்டையாகிறது. அடுத்துச் செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. அப்போது பால் குறையும். மரத்துக்கு ஓய்வு தரவேண்டும் என்பதால் வெட்டும் நிற்கும். குளிரும் மூடுபனியும் நீடித்தால் தளிர்களில் சாம்பல் நோய் படர்ந்து, இலைகள் மறுபடியும் உதிரும். கந்தகத் தூள் தூவிக் காக்க முயல்வர். வெயில் ஏறி இலை முற்றிவிட்டால் நோய் எளிதில் தாக்காது. ஆகவே இங்கே வெம்மைக்குக் காத்திருப்பது வயிற்றுப்பாடு. சிறு தோட்டங்களில் வெட்டினால்தான் கூலி. "இந்தப் பனி மாறி நல்லா ஒரு வெயிலடிச்சாத்தான் இலை தேறும் சாரே" என்றார் நாம் சந்தித்த தொழிலாளி ஒருவர். வெட்டுக் காலத்தில் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கும் அவருக்கு, இரவின் பிற்பகுதிப் பனியை நாம் விளக்கவேண்டியதில்லை.

தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்கியபின், பின்பனியும் அதற்கு உரியது என்கிறார். பிரிவின் வெம்மைக்குப் பனிக்காலம் எப்படிப் பொருந்தும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காத்திருத்தல் முடியப்போகும் தறுவாயில்தான் அது மிகவும் சுடுகிறது என்பதே நாம் காணும் விடை. வேனில் அருகில் வந்துவிட்டது. ஆனால் கைக்கு எட்டவில்லை. பேச்சிப்பாறை நிலத்தால் குறிஞ்சி. மாசியில், காலத்தால் பாலை.

ரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்த மரமாயிற்றே, அதற்கும் சங்கத் திணைக்கும் என்ன உறவு எனச் சிலர் கேட்கக்கூடும். மரம் புதிது, பனி பழையது. பனியின்கீழ்க் காத்திருக்கும் மனிதரும் பழையவரே. திணைக்கோட்பாடு பழைய மரங்களின் பட்டியலாகச் சுருங்கிவிட்டால் அதற்கு உயிரில்லை. இன்றைய உழைப்பையும் அதன் வழியே படிக்க முடிந்தால்தான் அது நமக்கு இலக்கணம்.

ஆகவே பின்பனியைக் கற்பிக்கும் நாளில் கரும்பலகையில் அட்டவணை வரைவதற்கு முன், வகுப்பை நோக்கி ஒரு கேள்வி கேட்கலாம் என்று கருதுகிறோம்: "உங்களுள் யார் வீட்டில் இந்த மாதம் வெட்டு இல்லை?" குமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் சில கைகளேனும் உயரும். பாடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.