நீங்களும் ஏஜென்ட் ஆகலாம்!

மாடலிங் ஏஜென்ட் ஆக கூலிங் கிளாஸும் விசிட்டிங் கார்டும் போதும் என்று நினைக்கிறீர்களா? கலிபோர்னியாவில் அந்தப் பாச்சா பலிக்காது, சார்!

அங்கே தொழிலாளர் கமிஷனரிடம் லைசென்ஸ் வாங்கணும். கைரேகை கொடுக்கணும். 'இவர் யோக்கியர்' என்று, இரண்டு வருஷமாவது பழகிய இரண்டு உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எழுதித் தரணும். (நம்மில் பலருக்கு இங்கேயே ஆட்டம் க்ளோஸ்!) ஏமாந்தவருக்கு நஷ்டஈடு கிடைக்க 50,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் வேறு.

முக்கியமாக, பெயர் பதிய, போட்டோ எடுக்க என்று மாடலிடம் பைசா வாங்கக்கூடாது. வேலை வாங்கிக் கொடுத்தால்தான் கமிஷன்.

தம்பிகளா, 'ஆல்பத்துக்கு முதலில் பணம் கட்டு' என்று எவராவது சொன்னால் உஷார்! அவருக்குப் பிடித்திருப்பது உங்கள் முகம் இல்லை, உங்கள் பர்ஸ்!