சொற்பட்டியல் போதாது, வாசிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜீ.ஆர்.ஈ. பரீட்சைக்குத் தயாராகும் நம் பிள்ளைகளில் பலர், கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தும் ஆங்கில மொழிப் பகுதியில் சறுக்குகிறார்கள். சொற்பட்டியலை நெட்டுருப் போடும் பழைய பழக்கமே இதற்கு முக்கிய காரணம்.

அந்த நெட்டுரு கைகொடுத்த எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. 2023 செப்டெம்பரில் பரீட்சை சுருக்கப்பட்ட பின், மொழிப் பகுதிக்கு 41 நிமிடங்களில் 27 வினாக்கள். ஏறக்குறைய பாதி, பந்தியை வாசித்து விளங்கி விடையளிப்பவை. ஏனையவை வசனத்தின் இடைவெளியை நிரப்புபவை. “பேச்சில் கடுமையானவர் ஆயினும்” என்று வசனம் தொடங்கினால், அடுத்து வருவது மென்மையைக் குறிக்கும் சொல் என்பதை விடைகளைப் பார்க்குமுன்பே ஊகிக்கலாம். இப்படி ஊகிக்கும் திறன் வாசிப்பால் மட்டுமே வரும்.

பிள்ளைகள் தினமும் ஓர் ஆங்கிலக் கட்டுரையை வாசித்து, ஒவ்வொரு பந்தியின் கருத்தையும் ஒரே வசனத்தில் எழுதிப் பார்க்கட்டும். பரீட்சையை நடத்தும் ஈ.ரீ.எஸ். நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் மாதிரிப் பரீட்சைகளைச் செய்து, விடை பிழைத்த காரணத்தையும் குறித்துவைக்கட்டும்.

கொழும்புத் தமிழ்ச் சங்கமும் கொழும்பு பொது நூலகமும் வார இறுதிகளில் ஆங்கில வாசிப்பு வட்டங்களை நடத்த முன்வர வேண்டும். வகுப்புக் கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.