மெலிந்த உடலில் மறைந்திருக்கும் ஆபத்து

நீரிழிவும் மாரடைப்பும் பருமனானோரின் நோய்கள் என்ற எண்ணம் மலையகத்தில் இன்றும் நிலவுகின்றது. நாள் முழுவதும் கொழுந்துக் கூடையுடன் மலையேறி இறங்கும் தொழிலாளிக்கு இவை வரமாட்டா எனப் பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை ஆபத்தானதென்றே நாம் கருதுகின்றோம்.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, மாரடைப்பு அபாயத்தை உடல் நிறையை விட வயிற்றுச் சுற்றளவும் இடுப்புச் சுற்றளவும் சேர்ந்த விகிதமே தெளிவாகக் காட்டுவதாக எடுத்துரைத்தது. தெற்காசியரின் உடலில் குறைந்த நிறையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்கின்றது. எனவேதான் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம், வயிற்றுச் சுற்றளவின் எல்லையாகத் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் வகுத்துள்ளது. இவ்வளவு தோட்டத் தமிழருக்கும் ஹட்டன், நுவரெலியா நகரங்களில் வாழும் முஸ்லிம்களுக்கும் ஒன்றேயாகும்.

ஆயினும் தோட்டங்களின் நிலை தனியானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாட்டின் சராசரி 17 சதவீதமே. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போசாக்கை இழந்த உடல், பிற்காலத்தில் மாவும் சீனியும் மிகுந்த உணவால் எளிதில் நோயுறும். இன்றைய பசியே நாளைய நீரிழிவு.

பரிசோதனைக்காக வைத்தியசாலை சென்றால் ஒரு நாள் பெயர் போய்விடும். எனவே பரிசோதனையே தொழிலாளியைத் தேடி வரவேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு தினமும் தொங்குகின்றது. அதனருகே ஓர் அளவுநாடாவையும் வைப்பதற்குச் சுகாதார அமைச்சும் தோட்டக் கம்பனிகளும் முன்வருமா? கொழுந்தின் நிறையில் காட்டும் அக்கறையைக் கொய்பவரின் உயிரிலும் காட்டுவது கடமையாகும்.